பன்னிரண்டு சுற்று ஈயம்

இன்று காலை சிறுசேரி போகும் கம்பெனி கேபில், பக்கத்து இருக்கைப் பெண் நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். நிறமில்லாதது. ஏசிக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். வாசனை போக வழியில்லை. திருப்போரூர் வருவதற்குள் நீ வந்துவிட்டாய்.

உன் சுட்டுவிரல் நகத்தில் எப்போதும் அது காய்ந்து ஒரு செதிலாக ஒட்டியிருக்கும். தூண்டில் முள்ளில் கட்டிய பூச்சியின் தலையில் கடைசி முடிச்சைப் போட்டு, அதன் மேல் ஒரு சொட்டு வைத்து, உதட்டைக் குவித்து ஊதுவாய். செங்கல்பட்டு ஃபேன்சி ஸ்டோரில் மாதம் இரண்டு புட்டி வாங்குவோம். கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "கலரே இல்லாம வாங்கிகினு போறீங்களே, போட்டுக்குற பொண்ணாவது கீதா?" நீ சிரிக்காமல் பதில் சொன்னாய்: "மீனுக்கு சார்."

துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. துக்கம் இருந்தது. கல்பாக்கம் குடியிருப்பில் உன்னைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். முன்பக்கம், இடது தோள். உன் அப்பா வேறு யாரையும் பிடிக்காமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை.

அந்த அழுகையைத்தான் இப்போது திரும்பக் கேட்கிறேன்.

*

இரண்டு பேரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. உன் அப்பா கல்பாக்கத்தில் டெக்னீஷியன். என் அப்பா திருப்போரூருக்கு மேற்கே இருந்த நிலத்தை விட்டுவிட்டு கம்பெனி வேன் ஓட்டுகிறார். ட்ரவுட் என்ற மீனை நாம் இருவரும் கண்ணால் பார்த்ததில்லை. இமாசல மலை ஆறுகளில், பாறைக்குப் பாறை தாவும் தண்ணீரின் அடியில் அது நிற்கும் என்று உன் ஃபோனில் பார்த்தோம். மேலே மிதக்கும் பூச்சியை அது எப்போதாவதுதான் எடுக்கும். ஆற்றின் தரையில், கல்லிடுக்கில் வாழும் இளம்பூச்சிதான் அதன் அன்றாடச் சாப்பாடு. அந்த இளம்பூச்சியைப் போல முள்ளில் இறகும் நூலும் சுற்றுவார்கள். நிம்ஃப். நாம் வெறுமனே 'பூச்சி' என்றோம்.

வேகமான தண்ணீரில் அது தானாக அடிக்குப் போகாது. உள்ளே கனம் வேண்டும்.

உன் அப்பாவின் பெட்டியில் சால்டரிங் ஈயக் கம்பி ஒரு சுருள் இருந்தது. மெல்லியது. முள்ளின் தண்டில் அதைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, மேலே நூலால் மூடி, நீ தருவாய். அதற்கு 'அடிக்கட்டு' என்று பெயர் வைத்தோம். எங்கள் பழைய நிலத்து வரப்பில் மயில்கள் உதிர்த்துவிட்டுப் போன இறகுகளிலிருந்து இழைகளைப் பிரித்து, அடிக்கட்டின் மேல் உடம்பாகச் சுற்றுவது என் வேலை. உள்ளே நீ. வெளியே நான். கல்லூரியின் மூன்றாம் ஆண்டிலிருந்து அப்படித்தான்.

"எங்க ஊர்ல அணுவைப் பொளக்குறாங்க. நீ மயில் எறகைப் பொளந்துகினு கீற" என்பாய்.

நூலால் மூடியபின் உள்ளே எத்தனை சுற்று என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தலைமுடிச்சின் நூலுக்கு நிறம் வைத்தோம். சிவப்பு என்றால் பன்னிரண்டு. கருப்பு என்றால் ஆறு. இன்னொரு பழக்கமும் இருந்தது. கட்டி முடித்த பூச்சியை வாயில் போட்டு நனைத்து, டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீரில் போடுவோம். சிவப்பு, 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் அடியில் 'டிக்' என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவோம்.

டீ மாஸ்டர் கத்துவார். "குடிக்கிற கிளாஸ்ல முள்ளப் போட்டா எவன்யா குடிப்பான்?" கடைசியில் விளிம்பு உடைந்த தம்ளர் ஒன்றை நமக்கென்றே ஒதுக்கி வைத்தார்.

நமக்குக் கிடைத்த வேகமான தண்ணீர் பாலாறு. வருடத்தில் இருபது நாள் ஓடினால் அதிகம். வயலூர்ப் பக்கம் தடுப்பணை வழிந்தால் நீ லீவு போடுவாய், நான் லீவு போடுவேன். அணைக்குக் கீழே இடுப்பளவு நீரில் நின்று, எதிர்த்திசையில் வீசி, தூண்டில் நரம்பை இழுவையாக வைத்து, பூச்சி கல்லில் தட்டித் தட்டி வருவதை விரலால் கேட்போம். வலை வீச வந்த ஒருவர் கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா அண்ணாத்த, பூச்சியக் காட்டி மீனை மெரட்டிகினு கீறீங்களா?" அன்று என் சிவப்புத் தலையில் ஒரு கெண்டை விழுந்தது. நீ என் கையைப் பிடித்துத் தூக்கி அந்த வலைக்காரரிடம் காட்டினாய். "பாத்துக்கோ தல. இது கை."

அந்தச் சொல்லையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

*

இமாசல மலையில், ஆற்றோரம் மீன்பிடி முகாம் நடத்தும் ஒருவர் சீசனுக்கு ஓர் ஆளைத் தேடினார். பூச்சி கட்ட வேண்டும், வருகிறவர்களை ஆற்றுக்கு அழைத்துப்போக வேண்டும். தங்க அறை, சாப்பாடு, சம்பளம். எனக்கு அது என்னவென்று உனக்குத் தெரியும். காலை ஆறரைக்கு கேப், திரையில் அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடுவது, இரவு எட்டரைக்கு கேப். அதிலிருந்து வெளியேற எனக்குக் கிடைத்த ஒரே கதவு அது. உனக்கும்தான். இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். இரண்டு பேரையும் வரச் சொன்னார்.

நீ ஒரு யோசனை சொன்னாய். "அங்க போயி ஒரு டப்பாக்கு அடிச்சிக்க வேணாம் மச்சான். உனக்கு இருபது, எனக்கு இருபது. தனித்தனியா போட்டுத் தரேன். யாருக்கு கெடச்சாலும் இன்னொருத்தன் லீவுல போயி ஓசி சோறு துன்றான்." இரண்டு சின்ன டப்பிகளில் நாற்பது அடிக்கட்டுகளைக் கொண்டுவந்தாய். எல்லாம் சிவப்பு நூல். ஒரு டப்பியில் என் பெயரின் முதல் எழுத்து, மற்றதில் உன்னுடையது.

ரயிலுக்கு ஒன்றரை நாள்தான் இருந்தது. நான் தம்ளரை எடுத்தேன்.

"டெஸ்ட்லாம் வூட்லயே பண்ணிட்டேன்டா. நீ மயிலச் சுத்து."

சுற்றினேன். உனக்குப் பதினான்கு, எனக்குப் பதினான்கு. மிச்சத்துக்கு நேரமில்லை. கட்டியதில் ஒன்றைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. பல வருடப் பழக்கத்தில் அந்த ஒரு முறைதான்.

*

அந்தக் காலையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் பக்கத்திலிருந்து நீ கேட்டதே இல்லை.

மூன்று மணி நேரம். எனக்கு மேல்பகுதி, உனக்கு வளைவுக்குக் கீழே. முகாம்காரர் கரையில் நடந்துகொண்டே இருவரையும் பார்த்தார். தண்ணீர் பனியாக இருந்தது. முதல் பூச்சியை வாயில் போட்டு நனைத்தேன். நாக்கில் வைத்தும் எனக்குத் தெரியவில்லை. இதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வீசினேன். தட்டவில்லை. கல்லே இல்லாத ஆற்றில் வீசியதைப் போல நரம்பு வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் மேலே வீசினேன். நரம்பை நீட்டினேன். கையை உயர்த்தினேன், தாழ்த்தினேன். பூச்சி நீரின் நடுவில் எங்கேயோ பறந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீரின் அடியில் மீன்கள் நிற்பது தெரிந்தது. ஒன்றுகூடத் தலையை உயர்த்தவில்லை.

பையில் பழைய கருப்புத் தலைகள் ஆறு இருந்தன. எடுக்கவே இல்லை. சிவப்பே அடியைத் தொடாதபோது கருப்பு எங்கே தொடப் போகிறது என்று கணக்குப் போட்டேன். என் சிவப்பைவிட அந்தக் கருப்பு கனமாக இருந்தது என்பது உனக்குத் தெரியும். வளைவுக்குக் கீழே நின்று நீ ஐந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தாய்.

முகாம்காரர் கடைசியில் என்னிடம் வந்து இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. நீ மத்தியப் பள்ளியில் இந்தி படித்தவன். நீதான் தமிழில் சொன்னாய்.

"உனக்குக் கண்ணு கீதாம் மச்சான். கைதான் இல்லையாம்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினாய். அவர் அதைத்தான் சொன்னாரா என்றுகூட இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஊருக்கு வந்து தூண்டில் கோலைப் பரணில் போட்டேன். இரண்டு சீசன் தொடவில்லை. வேலை உனக்குப் போனதற்காக மட்டும் என்று நினைக்காதே. கை இல்லை என்று நம்பினேன். வீட்டில் சுவரில் ஆணி அடிக்கும்போது நினைத்தேன். அப்பா வேனைப் பின்னால் எடுக்கச் சொன்னபோது நினைத்தேன். நீ மலையிலிருந்து அழைத்து அந்த வாரத்து மீன்களைப் பற்றிப் பேசுவாய். "வாடா, வந்து ஒரு பத்து நாள் இரு" என்பாய். கை இல்லாதவன் ஆற்றுக்கு எதற்கு என்று சாக்கு சொல்வேன். நீ மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேச்சை மாற்றிவிடுவாய்.

போன மழைக்காலத்தில் மலைச்சாலையில் ஜீப் சரிந்தது. நீ வீடு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

*

மார்கழியில் உன் தங்கை சங்கீதா செங்கல்பட்டுக்கு வந்தாள். மடியில் உன் பெட்டி. "எங்க வூட்ல யாருக்கும் இது இன்னான்னே தெரியாதுண்ணா. உங்ககிட்ட இருக்கட்டும்." இன்னொன்றும் சொன்னாள். உனக்காக ஆற்றோரம் ஒரு கல் நட முகாம்காரர் கேட்டிருக்கிறார். மாமல்லபுரத்திலேயே செதுக்கி லாரியில் அனுப்பலாம் என்று முடிவு. கல்லில் உன் பெயரும் பெரிய பூச்சி ஒன்றும் இருக்கும். மாதிரிக்கு ஒரு பூச்சி வேண்டும். "அப்புறம், நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்கண்ணா. அவனுக்கு உங்கள விட்டா யாரு?"

அவள் போனபின் திறந்தேன். ஈயச் சுருள், நூல்கள், காய்ந்த நெயில் பாலிஷ். அடித்தட்டில் இரண்டு டப்பிகள். ஒவ்வொன்றிலும் நான் மூடாமல் விட்ட ஆறு அடிக்கட்டுகள்.

உனக்காக ஒரு சிவப்புத் தலையைக் கட்ட உட்கார்ந்தேன். அதை நம்புவாயா? உன் கல்லுக்காக, உன் பெட்டியிலிருந்து. என் எழுத்து இருந்த டப்பியிலிருந்து ஒன்றை எடுத்தேன். நூல் ஓரத்தில் பிரிந்திருந்தது. சரிசெய்யலாம் என்று பிளேடால் கீறினேன்.

நூல். அதற்குக் கீழே நூல். அதற்கும் கீழே முள்.

ஒன்று தவறியிருக்கலாம் என்று அடுத்ததைக் கீறினேன். ஆறையும் கீறினேன். பிறகு உன் டப்பியிலிருந்து ஒன்று. பன்னிரண்டு சுற்று. இடைவெளி இல்லாமல், பளபளவென்று.

பருமன் ஒன்றாகத் தெரிவதற்காக எனக்கு எவ்வளவு நூல் சுற்றியிருக்கிறாய்! ஈயம் சுற்றுவதைவிட அது நேரம் பிடிக்கிற வேலை. உட்கார்ந்து செய்திருக்கிறாய். ஒருமுறை இல்லை, இருபது முறை. இருபதில் ஒன்றில்கூட உன் விரல் தயங்கவில்லையா? அதன் மேல் மயிலிறகைச் சுற்றி, அழகாக முடித்து, நானே என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏன் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தாய்? அதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க விருப்பமும் இல்லை. நீ வருந்தினாய் என்று தெரிந்துவிட்டால் எனக்கு இடைஞ்சல்.

மறுநாள் தடுப்பணை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நானே ஈயம் சுற்றி, நானே மூடிய ஒரு பூச்சியோடு போனேன். இரண்டாவது வீச்சிலேயே கல் தட்டியது. டக். டக். டக். நாலாவது வீச்சில் ஒரு கெண்டை. கழற்றி ஆற்றில் விட்டேன். அப்புறம் கரையில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எருமை குளிப்பாட்ட வந்தவர், நான் ஃபோனில் யாரிடமோ சண்டை போடுகிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

*

மாமல்லபுரத்துப் பட்டறைக்கு சங்கீதாவோடு போனேன். கல் தேய்க்கும் எமரிச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும். கல் தயாராகச் சாய்ந்து நின்றது. இரண்டடி. சிற்பி ஏகாம்பரம் பூச்சியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இன்னா சார் இது, சாமியா?"

"பூச்சி."

"இருவது வருசமா யானை, நந்தி, புத்தர்னு அடிச்சிகினு இருந்தேன். கடசில பூச்சில வந்து நிக்குது பொழப்பு."

சங்கீதா சிரித்தாள். உன் சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. எதிர் டீக்கடைக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும், சுருக்கமாக.

அவள் முகம் சிவந்தது. "செத்துப் போனவன் மேல ஏண்ணா பழி போடறீங்க? அவன் வந்து பதில் சொல்லுவானா?"

நான் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன். சட்டைப்பையில், ஒவ்வொரு டப்பியிலிருந்தும் ஒன்று வைத்திருந்தேன். என்னுடையதில் நான் கீறிய இடத்தை மறுபடி நூலால் மூடியிருந்தேன். இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். "எது எதுன்னு சொல்லு."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாதானே கீது."

உன்னுடையதைப் போட்டேன். டிக். என்னுடையதைப் போட்டேன். அது அசைந்து அசைந்து, சாவகாசமாக இறங்கியது. சத்தமே இல்லை.

"இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். அவள் தானே எடுத்து, நான்கு முறை, இடம் மாற்றி மாற்றிப் போட்டாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முறை பார்த்தால் போதாது. ஐந்தாவது முறை போட எடுத்துவிட்டு, போடாமல் மேஜையில் வைத்தாள்.

"எத்தினி?"

"இருபது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேனோ என்னவோ. டீ ஆறிக்கொண்டிருந்தது. எதிரே பட்டறையில் சாய்ந்து நின்ற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவால மலைக்கெல்லாம் போக முடியாது. அப்பாவும் போக மாட்டாரு. நான் ஃபோட்டோ எடுத்துத்தான் காட்டணும். முன்பக்கம் அவன் பேரும் பூச்சியும் இருக்கட்டும். அத எடுத்துக் காட்டிக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பின்பக்கம் உங்களுக்கு. இன்னா வேணா எழுதிக்கோங்க. நான் மாத்த மாட்டேன். அங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"அதான்ணா. உங்களுக்குத்தான்."

மூன்று நாள் எழுதினேன். நீளமாக எழுதினேன், வசை எழுதினேன், கல்லூரியில் படித்த திமிரில் கவிதைபோலவும் ஒன்று எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, நடந்ததை மட்டும் ஒரு வரியாக ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். 'நண்பனுக்குக் கட்டிக்கொடுத்த இருபதில் ஒன்றிலும் இவன் ஈயம் வைக்கவில்லை.'

அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இன்னா சார், ஈயம் பூசற பாத்திரக்கடை சண்டையா?"

"ஆழமா வெட்டுங்க."

"கருங்கல்லு சார். நீயும் நானும் போயிருவோம், அது போவாது."

*

கல்லை நட்டார்கள். சங்கீதா தனியாகப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் அழைத்தாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணா, அந்த முகாம்காரரு பின்பக்கம் பாத்துட்டு இன்னா எழுதியிருக்குன்னு கேட்டாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல."

"இன்னா சொன்ன?"

"பிரார்த்தனைன்னு சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து முகாம்காரர் காலையில் கல்லின் பின்பக்கம் போய், அந்த எழுத்துகளின் மேல் காட்டுப்பூ வைக்கிறாராம். வருகிறவர்களும் ஆற்றில் இறங்குவதற்கு முன் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களாம். படம் அனுப்பியிருந்தாள். 'ஈயம்' என்ற சொல்லின் மேல் மஞ்சளாக ஏதோ ஒரு பூ.

ஃபோனைக் கட்டிலில் வீசினேன். செத்தும் ஜெயிக்கிறாய் என்று கத்தினேன். வெகுநேரம் கழித்துச் சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு ஆற்றுக்குள் விழுந்து புரண்டிருப்பாய். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் பாட்னாக்காரன் ஒருவன் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருகிறான். கல்லில் இருப்பதை இந்தியில் எழுதித் தரச் சொன்னேன். இந்த முறை மொழிபெயர்ப்புக்கு நீ தேவைப்படவில்லை. எழுதிவிட்டு, யாருக்கு என்று கேட்டான். ஒரு முகாம்காரருக்கு என்றேன். அவருடைய எண் சங்கீதாவிடமிருந்து ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. வரியை ஃபோனில் அந்த எண்ணுக்கு நேரே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒருமுறை தொட்டால் போய்விடும். நாளையிலிருந்து பூ வராது.

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

இரண்டு சீசன் நீ என்னிடம் சொல்லாமல் இருந்தாய். ஒவ்வொரு அழைப்பிலும், ஒவ்வொரு மீன் கதையிலும். நான் எவ்வளவு நாள் சொல்லாமல் இருப்பேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கோபம் தணிந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்து நிம்மதியாகக் கிடக்காதே. அது தணியவில்லை. அவர் பூ வைக்கட்டும். இப்போதைக்கு உன் நல்ல பெயர் என் சட்டைப்பையில், அந்த ஃபோனில் இருக்கிறது. குனியும்போதெல்லாம் விழாமல் கையால் பிடித்துக்கொள்கிறேன்.